ஈரோட்டுக்காரர் எங்கள் பூட்டன் இல்லை

36 வருஷம் தபால் இலாகாவில் இருந்தவள் நான். கடைசிப் பத்து வருஷம் திங்கள்சந்தைப் பக்கம் ஒரு அஞ்சலகத்தில். விலாசம் பாதி அழிந்த கவர், பின்கோடு இல்லாத மணியார்டர், ‘சந்தைக்குத் தெற்கே தாழம்புதர் வீடு’ என்று மட்டும் எழுதிய கார்டு, எல்லாவற்றையும் உரிய ஆள் கையில் சேர்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவளிடம் 14,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, வம்சாவளி தேடித் தரும் ஒரு கம்பெனி எங்கள் குமரி மாவட்டத்து இரணியலை ஈரோடு ஆக்கினால் கோபம் வருமா, வராதா?

கம்பெனி பெயரைப் போடவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்கிற பேச்சு இன்னும் முடியவில்லை. தவிர, இந்த மாதிரி வம்சாவளி தேடித் தரும் கம்பெனிகள் இப்போது பலது வந்துவிட்டன. என் அனுபவம் ஒன்றோடு என்றாலும், பணம் கட்டும் முன் பார்க்க வேண்டிய விஷயங்கள் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். பூட்டன்களின் பெயரையும், அதாவது தாத்தாவின் அப்பா, அவருடைய அண்ணன் பெயரையும், போட வேண்டாம் என்று அண்ணன் சொல்லிவிட்டான். சரி, பெரிய பூட்டன், சின்னப் பூட்டன் என்றே சொல்கிறேன்.

போன கிறிஸ்துமஸுக்குக் குடும்பம் மொத்தமும் கூடியபோதுதான் இது ஆரம்பித்தது. சாப்பாடு முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த அண்ணன், “மக்கா, நீதான் ரிட்டையர் ஆகிச் சும்மா இருக்க. குடும்பச் சரித்திரத்த எழுதிப் போடேன்” என்றான். சும்மா இருக்கிறேனாம். வீட்டில் இருந்து பார்த்தால்தான் தெரியும். ஆனாலும் அந்தப் பேச்சு மனதில் ஒட்டிக்கொண்டது.

எங்களுக்குத் தெரிந்த கதை இவ்வளவுதான். இரணியல் பக்கம் இரண்டு சகோதரர்கள். மூத்தவர் தென்னாப்பிரிக்காவில் உள்ள நெட்டாலுக்குப் போனார். ஒரே ஒரு கடிதம் வந்தது, அதுவும் கறையான் தின்றது, ஆள் திரும்பவில்லை. இளையவர், எங்கள் நேர்ப் பூட்டன், கொழும்புக்குப் போனார். எங்கள் ஊரில் கொழும்பு என்றால் கொழும்பு நகரம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, இலங்கை முழுசும் கொழும்புதான். அவர் போன இடம் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். என் பாட்டா, அதாவது தாத்தா, அங்கே லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்து, இரண்டாம் உலகப்போருக்கு முன்னால் ஊருக்கு வந்து பெண்கட்டி இங்கேயே தங்கிவிட்டார். அவருடைய தம்பி அங்கேயே இருந்தார். தம்பி பிள்ளைகள் 1970-களில் சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்தில் திரும்பி வந்து, கீரிப்பாறையில் அரசு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினார்கள்.

மகள் கைப்பேசியில் விளம்பரம் காட்டினாள். ‘உங்கள் முன்னோர் ஏறிய கப்பல் எது? மூன்றே மாதத்தில் சொல்கிறோம்.’ பிடித்துப்போயிற்று. பணம் கட்டினேன்.

கம்பெனியிலிருந்து பேசிய பையன் நல்ல பையன், அதைச் சொல்லியாக வேண்டும். வாரம் ஒருமுறை தவறாமல் வாட்ஸப்பில் ‘பணி நடைபெறுகிறது மேடம்’ என்று அனுப்பினான். நான் அனுப்பியவை மூன்று படங்கள். ஒன்று, மலையாள எழுத்தில் உள்ள ஒற்றிப் பத்திரம். இரண்டு, எங்கள் சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டில் பூட்டன் குடும்பம் உள்ள பக்கம். மூன்று, பாட்டா டிரங்குப் பெட்டியில் போட்டு வைத்திருந்த ஒரு சின்னத் தகர வில்லை. மேலே ஓட்டை, நடுவில் ஓர் ஆங்கில எழுத்து, கீழே இரண்டு எண்கள். அது என்ன என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. சின்ன வயதில் நாங்கள் அதைக் கயிறு கட்டி ஆட்டுக்குட்டி கழுத்தில் மாட்டி விளையாடியிருக்கிறோம்.

மூன்று மாதம் கழித்து 14 பக்க அறிக்கை வந்தது. முதல் ஆறு பக்கம் பொதுவான வரலாறு, கரும்புத் தோட்டப் படம், பாய்மரக் கப்பல் படம். ஏழாம் பக்கத்தில் தங்க நிற ஓரம் போட்ட சான்றிதழ் மாதிரி ஒன்று: நெட்டாலில் இறங்கிய ஒருவரின் பதிவு. பெயர் பெரிய பூட்டன் பெயர்தான். வயது ஏறக்குறைய சரி. ஊர் ஈரோடு, ஜில்லா கோயம்புத்தூர். தகப்பன் பெயர் வேறு. சாதிக் கட்டத்தில் ஓர் இந்துச் சாதிப் பெயர். எங்கள் குடும்பம் அப்போதே லண்டன் மிஷன் கிறிஸ்தவர்கள், அதற்கான பதிவேட்டுப் பக்கத்தையே நான் அனுப்பியிருந்தேன்! கேட்டதற்கு, “ஊர்ப்பெயர் எழுத்தில் மாறியிருக்கலாம் மேடம், இரணியல், ஈரோடு ரெண்டும் ஒரே எழுத்துல தொடங்குது” என்றான் அந்தப் பையன். ஆங்கிலத்தில் ஒரே எழுத்துதான். அப்படிப் பார்த்தால் எர்ணாகுளமும் எத்தியோப்பியாவும்கூட அதே எழுத்துதான் தம்பி என்றேன்.

அப்புறம் மெதுவாகத்தான் எனக்குப் புரிந்தது, தப்பு எங்கே ஆரம்பித்தது என்று. அவர்களுடைய படிவத்தில் மாவட்டம், மாநிலம் என்று இரண்டு கட்டம். கன்னியாகுமரி, தமிழ்நாடு என்று நானும் போட்டேன். அவர்கள் சென்னை ராஜதானிப் பதிவுகளை மட்டும் புரட்டியிருக்கிறார்கள். ஆனால் 1956 நவம்பர் 1-க்கு முன்னால் கன்னியாகுமரி மாவட்டம் என்று ஒன்று இல்லை. நாங்கள் திருவிதாங்கூர் மகாராஜாவின் பிரஜைகள். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்று இப்போது சொல்கிற தாலுகாக்களோடு அந்தக் காலத்தில் இரணியலும் தனித் தாலுகா. வெள்ளைக்காரன் சீமைக்கு அது வேறு ராஜ்யம். பூட்டன் காலத்து அரசாங்கக் காகிதம் ஏதாவது இருந்தால், அது திருவனந்தபுரத்தில் கேரள ஆவணக் காப்பகத்தில்தான் இருக்க வேண்டும், சென்னை எழும்பூரில் தேடிப் பிரயோஜனமில்லை. 14,500 வாங்குகிறவனுக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது. ‘அப்போது உங்கள் ஊர் எந்த ஆட்சியில் இருந்தது?’ என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

ஒற்றிப் பத்திரத்தின் கதை இன்னும் வேடிக்கை. அதில் 1078 என்று ஓர் எண். அறிக்கையில் அதை ‘பத்திர வரிசை எண்’ என்று போட்டிருந்தார்கள். மலையாளம் வாசிக்க ஆள் வைக்கவில்லை போலிருக்கிறது. பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், வயது 88, மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். எங்கள் மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில் அந்த வயதுக்காரர்கள் பலருக்கும் மலையாளம்தான் முதல் எழுத்து. பத்திரத்தைக் கொண்டுபோய், “சாரே, இத ஒண்ணு பாருங்க” என்றேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரே மூச்சில் வாசித்துவிட்டார். கொல்லம் 1078, ஆவணி மாதம், சகோதரர் இரண்டு பேரும் சேர்ந்து தோப்பை ஒற்றி வைத்திருக்கிறார்கள்.

கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கும். ஆவணியிலிருந்து டிசம்பர் வரை 824-ஐக் கூட்ட வேண்டும், ஜனவரியிலிருந்து ஆடி முடிய 825. அப்படியென்றால் 1902 ஆகஸ்ட் வாக்கில் ஒற்றி. மீட்டதற்கான எழுத்து எதுவும் பெட்டியில் இல்லை. தோப்பு கைவிட்டுப் போன பிறகு ஒருவர் பின் ஒருவராகக் கடல் தாண்டியிருக்கிறார்கள். கம்பெனிக்குப் பத்திர எண்ணாகத் தெரிந்ததுதான் எங்களுக்கு மொத்தக் கதையின் திறவுகோலாக இருந்தது. வாத்தியாருக்கு நான் கொடுத்தது ஒரு சீப்பு நேந்திரம் பழம்.

வருஷம் கையில் வந்த பிறகு, சரி, நானே பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நெட்டால் பட்டியல் எப்படிப்பட்டது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16-ல் டர்பனில் வந்து சேர்ந்ததிலிருந்து 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே போனார்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம். முதல் வருஷம் மாதம் பத்து ஷில்லிங், பிறகு வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும். இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் போட்டார்கள். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா (போலீஸ் சரகம்), கிராமம், உடம்பில் என்ன தழும்பு, எந்தக் கப்பல், எந்த முதலாளி என்று வரிசையாக எழுதினார்கள். ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதியதுதான், பாசத்தில் எழுதவில்லை. ஆனால் இன்றைக்கு நமக்குக் கிடைக்கிற முழுமையான பதிவுகளில் அதுவும் ஒன்று. அங்குள்ள ஆய்வாளர்கள் அதைக் கணினியில் ஏற்றியிருக்கிறார்கள். டர்பனில் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதுலி ஆவண மையம் வழியாகக் காசில்லாமல் பார்க்கலாம். கம்பெனி தங்க ஓரம் போட்டு எனக்கு விற்றதும் அந்தப் பட்டியலின் ஒரு வரியைத்தான். இலவசம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எதிர்வீட்டுப் பிள்ளை என்ஜினீயரிங் படிக்கிறாள். அவளை உட்கார வைத்து எக்செல்லில் பட்டியலைத் திறந்தோம். பெயரை வைத்துத் தேடினால் ஒன்றும் வராது என்பது முதல் மணி நேரத்திலேயே தெரிந்தது. நம் ஆள் வாயால் சொல்ல, வெள்ளைக்காரக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியது. கவுண்டர் அங்கே கோவெண்டர் ஆனார், முதலியார் மூட்லி ஆனார், நாயுடு நைடூ ஆனார். எங்கள் பூட்டன் பெயரில் ழகரம் வேறு உண்டு. ழ போகிற இடமெல்லாம் என்ன பாடுபடும் என்று தபாலில் இருந்த எனக்குத் தெரியாதா? எல் போட்டும் ஆர் போட்டும் இசட் போட்டும் அதே ஊருக்குக் கடிதம் வந்ததைப் பார்த்தவள். அதனால் பெயரை விட்டுவிட்டு மற்ற கட்டங்களைப் பிடித்தோம். ஜில்லாவில் திருவிதாங்கூர், அதன் எல்லா எழுத்து வடிவங்களும். சாதிக் கட்டத்தில் கிறிஸ்டியன். ஆண். வயது 20-லிருந்து 30. வருஷம் 1902-லிருந்து 1905. பெரிய பட்டியல் சுருங்கிச் சுருங்கி ஒரே திரையில் அடங்கியது.

அதில் ஒருவர். தகப்பன் பெயர் எங்கள் பதிவேட்டில் உள்ள பெயர், ஒரு எழுத்து குறைவு. ஊர்க் கட்டத்தில் இரணியலைப் போல ஏதோ ஒன்று. 1903-ல் இறங்கியிருக்கிறார். உடம்பில் அடையாளம்: இடது காலில், முழங்காலுக்குக் கீழே தழும்பு.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஏனென்றால் பெரிய பூட்டன் சின்ன வயதில் பனையிலிருந்து வழுக்கி இறங்கிக் காலைக் கிழித்துக்கொண்ட கதை எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அண்ணனுக்குப் போன் போட்டேன். அவன் கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டு, “வலது கால்லா?” என்றான். இடது என்றேன். “பாட்டா வலது காலுன்னுதான் சொல்லுவாரு.” பாட்டா தன் காலைத் தொட்டுக் காட்டிச் சொல்வார், எதிரே உட்கார்ந்திருந்த நீ அதை எந்தப் பக்கம் என்று கண்டாய் என்று நான் கேட்க, அன்றைக்கு ஒரு மணி நேரம் சண்டை. எனக்கு இது நம்ம ஆள்தான். அண்ணன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. குடும்பச் சரித்திரத்தில் ‘பெரும்பாலும்’ என்று போடச் சொல்கிறான். போட்டிருக்கிறேன்.

இப்போது சின்னப் பூட்டன். கம்பெனி அறிக்கையில் அவருக்கு அரைப்பக்கம். ‘இலங்கைக் கப்பல் பயணிகள் பட்டியலில் பதிவு கிடைக்கவில்லை. மேலும் ஆழமான தேடலுக்குக் கூடுதலாக 6,000 ரூபாய்.’ தகர வில்லையைப் பற்றி, ‘பழைய டோக்கன், தொடர்பற்றது.’

இங்கேதான் எனக்கு உண்மையிலேயே வருத்தம். ஈரோட்டுத் தப்பைக்கூட அவசரத்தில் நடந்தது என்று மன்னிக்கலாம். இது இல்லாத சரக்குக்கு விலை சொன்னது. நெட்டாலுக்கு, மொரீஷியஸுக்கு, பிஜிக்கு ஒப்பந்தத்தில் போனவர்களை அரசாங்கம் தலைக்குத் தலை எழுதிக்கொண்டது. இலங்கைக்குப் போனவர்கள் கங்காணியோடு போனவர்கள். கங்காணி தன் ஊருக்கு வந்து, தன் சொந்தம் பந்தம், பக்கத்து ஊர்க்காரன் என்று சேர்த்து, முன்பணம் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போவான். அந்தக் கடன் கங்காணியின் கணக்கில்தான் இருந்தது. தோட்டம் மாற வேண்டுமென்றால் கடனை அடைக்கிற புதுத் தோட்டத்துக்குத் ‘துண்டு’ என்று ஒரு காகிதம் கொடுப்பார்கள். அந்தத் துண்டு முறையை 1921-ல்தான் ஒழித்தார்கள். இந்த ஏற்பாட்டில் நெட்டால் மாதிரி தகப்பன் பெயர், கிராமம், தழும்பு எழுதிய பட்டியல் எங்கே இருக்கும்? ஒரே வீட்டில் பிறந்த இரண்டு பேரில், கடல் தாண்டித் தொலைந்துபோனவரின் கால் தழும்பு வரை எனக்குத் தெரிகிறது. போய்வர வழியிருந்த பக்கத்து நாட்டுக்குப் போனவர் எந்த நாள் தோணி ஏறினார் என்பது எந்தக் காகிதத்திலும் இல்லை.

ஆனால் ஒன்று இருந்தது, ஆட்டுக்குட்டி கழுத்தில் கிடந்தது. கீரிப்பாறைக்குப் போனபோதுதான் அது தெரிந்தது.

பாட்டாவின் தம்பி மகள், எனக்கு அத்தை முறை, வயது 79. இப்போதும் காலையில் நாலரைக்கு எழுந்துவிடுகிறாள், ரப்பர் பால் வெட்டிய பழக்கம். வில்லையைக் கையில் வாங்கியதும் திருப்பிப் பார்க்காமலே, “இது தகர டிக்கெட்டு மக்களே. எங்க பாட்டா கழுத்துல கட்டிக் கூட்டிட்டுப் போனதாச் சொல்லுவாவ. ஆட்டுக்கு அடையாளம் கட்டுத மாதிரி” என்றாள். எனக்கு வாய் அடைத்துப்போயிற்று. ஆட்டுக்குட்டிக் கதையை அவளிடம் நான் சொல்லவில்லை.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1900-களின் தொடக்கத்தில் இலங்கைத் தோட்டங்கள் இந்தத் தகர டிக்கெட் முறையைக் கொண்டுவந்தன. ஊரிலிருந்து தோட்டம் வரை வழிச்செலவு அந்த டிக்கெட்டின் பேரில் நடக்கும், கணக்குப் பிறகு தோட்டத்துக்குப் போகும். எழுத்து மாவட்டத்தைக் காட்டும், எண்களில் ஒன்று தோட்டம், இன்னொன்று ஆள். எங்கள் ஊர்க்காரர்கள் ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டி, தூத்துக்குடிப் பக்கம் தட்டப்பாறை முகாமில் தங்கவைக்கப்பட்டு, கொழும்புக்குக் கப்பல் ஏறியிருக்கிறார்கள். மண்டபம் முகாமும் தலைமன்னார் வழியும் கொஞ்சம் பிந்தியவை. தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பல் 1914-ல்தான் ஓட ஆரம்பித்தது. கம்பெனி ‘தொடர்பற்றது’ என்று எழுதிய பொருள்தான் சின்னப் பூட்டனுடைய குடியேற்றப் பதிவேடு, பாஸ்போர்ட்டு, பயணச்சீட்டு எல்லாம்.

அத்தை அதோடு விடவில்லை. உள்ளே போய்ப் பிளாஸ்டிக் கவரில் சுற்றிய குடும்ப அட்டையைக் கொண்டுவந்தாள். 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொண்டது. அப்படி வந்தவர்களுக்கு இந்தியத் தூதரகம் கொடுத்த அட்டை அது. குடும்பத்தில் யார் யார், என்ன வயது, இங்கே எந்தத் திட்டத்தில் குடியமர்த்தல் என்று இருக்கிறது. கூடவே அவளுடைய அப்பாவின் பழைய பாஸ்போர்ட்டு, தோட்டத்தில் பிறந்ததற்கான சாட்சிப் பத்திரம். சாட்சிப் பத்திரத்தில் தோட்டத்தின் பெயர் முழுசாக இருக்கிறது. அவளுடைய அப்பா பாஸ்போர்ட்டுக்கு எழுதிக்கொடுத்த விண்ணப்பத்தின் கார்பன் நகலில், சொந்த ஊர் என்ற இடத்தில், ‘திருவாங்கூர், இரணியல்’ என்று நீல மை. 1948-ல் குடியுரிமை போன சனம், எங்கிருந்து வந்தோம் என்று ஒவ்வொரு ஆபீசிலும் எழுதிக் காட்டியே வாழ்ந்தது. கப்பல் பட்டியல் எழுதாததை எல்லாம் இந்தக் காகிதங்கள் எழுதி வைத்திருக்கின்றன.

அத்தை வீட்டில் அன்று மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும். பஸ்ஸைத் தவறவிட்டேன். அதுவும் நல்லதுதான், ராத்திரி முழுக்கப் பேசினாள். கங்காணி நெய்யூர்ப் பக்கத்து ஆள் என்றும், எங்கள் லயத்தில் பாதிப்பேர் இந்த வட்டாரம்தான் என்றும், பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) நிற்கும்போது ஊர்ப்பேச்சுதான் என்றும். இதை வைத்து ஒரு யோசனை சொல்வேன். இலங்கைக்குப் போன பூட்டனைத் தேடுகிறவர்கள் முதலில் கங்காணியின் ஊரைக் கேளுங்கள். பூட்டனின் ஊர் அதிலிருந்து ஒரு நாள் நடைதூரத்துக்குள் இருக்க வாய்ப்பு அதிகம்.

சபைப் பதிவேட்டையும் மறுபடி பார்த்தேன். போதகர் அனுமதி கொடுத்தார், செயலாளர் சாவி கொடுத்தார், தூசி நான் துடைத்தேன். 1806-ல் ரிங்கல்தௌபே ஐயர் திருவிதாங்கூருக்குள் வந்ததிலிருந்து லண்டன் மிஷன்காரர்களுக்கு எழுதி வைக்கிற வழக்கம் உண்டு. அவர்களுடைய கடிதங்களும் அறிக்கைகளும் லண்டனில் சோவாஸ் கல்லூரி நூலகத்தில் இருக்கின்றன. நம் கையில் உள்ளது சபையின் தடித்த நோட்டு. போன தடவை நான் படம் எடுத்தபோது ஓரத்துக் குறிப்புப் பத்தி மடிப்பில் மாட்டி விழவில்லை. இந்தத் தடவை ஏட்டை நன்றாக விரித்தேன். சின்னப் பூட்டன் பெயருக்கு நேரே பென்சிலில்: ‘கொழும்பு, 1904’. ஒரே ஒரு வார்த்தை, ஒரு வருஷம். பெரிய பூட்டன் பெயருக்கு நேரே ஒன்றுமில்லை. அவர் சொல்லாமல் போயிருப்பாரோ என்னவோ.

கத்தோலிக்கக் குடும்பத்தார் தங்கள் பங்குக் கோயிலில் கேளுங்கள். பழைய ஏடுகளில் லத்தீன் உருவத்தில் பெயர் இருக்கும், பயப்பட வேண்டாம். மற்றவர்களுக்குப் பழைய ஒற்றி, கிரயப் பத்திரங்கள்தான் நல்ல வழி. எதுவானாலும் கொல்லம் கணக்கும் மலையாளம் வாசிக்கிற ஒரு பெரியவரும் வேண்டும். பெரியவரை முதலில் பிடியுங்கள், ஏடு காத்திருக்கும்.

வேறு நாடுகளுக்குப் போன பூட்டன்களைத் தேடுகிறவர்களுக்குச் சுருக்கமாக: மொரீஷியஸ் என்றால் மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடியேற்ற ஆவணங்கள் இருக்கின்றன, சில பேருக்குப் புகைப்படத்தோடு. பிஜி என்றால் ஒப்பந்தம் 1879 முதல் 1916 வரை. ஆனால் சென்னையிலிருந்து கப்பல் போனது 1903-லிருந்துதான், அதற்கு முந்திய வருஷங்களில் தமிழரைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். மலேயாவும் பெரும்பாலும் கங்காணிக் கதைதான், பெட்டியைத் திறந்து பாருங்கள். ஃபேமிலிசர்ச் என்ற தளம் இலவசம், மார்மன் சபைக்காரர்கள் நடத்துவது. கணக்குத் திறந்து வைத்துக்கொள்வதில் நட்டமில்லை. எனக்கு அதில் ஒன்றும் அகப்படவில்லை.

கம்பெனிக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டால், ஐந்துக்கு ஒன்றரை. ஒன்று, அந்தப் பையன் மரியாதையாகப் பேசியதற்கு. அரை, இப்படி ஒரு பட்டியல் நெட்டாலில் இருக்கிறது என்பதையே அந்தத் தங்க ஓரம் போட்ட பக்கத்தைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன் என்பதற்கு. அதை மறைத்தால் பாவம். எல்லா வம்சாவளிக் கம்பெனியும் மோசம் என்றும் சொல்ல வரவில்லை. டர்பனிலோ லண்டனிலோ நேரில் போய் ஏட்டைப் புரட்ட நமக்கு வசதியில்லை, அதற்கு ஆள் வைத்துக் காசு கொடுப்பது நியாயம்தான். வெளிநாட்டு இந்தியர் அட்டைக்காகக் கொள்ளுப்பேரன்கள் பூட்டன் ஊரைத் தேடுகிற காலம், அவர்களுக்கு வக்கீல் மாதிரி ஒருவர் தேவைப்படலாம். பணம் கட்டும் முன் போனில் மூன்று கேள்வி கேளுங்கள்: 1900-ல் எங்கள் ஊர் எந்த ராஜ்யம்? கொல்லம் ஆண்டு தெரியுமா? இலங்கைக்குப் பெயர்ப்பட்டியல் உண்டா? மூன்றாவதுக்கு ‘உண்டு மேடம், பார்த்துவிடலாம்’ என்று பதில் வந்தால் போனை வைத்துவிடுங்கள்.

பணம் திருப்பித் தருவது பற்றிப் போன வாரம் பதில் வந்தது. அறிக்கை ‘வழங்கப்பட்டுவிட்டதால்’ பணம் தர இயலாதாம். நல்லெண்ண அடிப்படையில் 2,000 ரூபாய்க்கு மரபணுப் பரிசோதனைக் கூப்பன் அனுப்பியிருக்கிறார்கள். கவரின் மேல் என் விலாசம்: வீட்டுப்பெயர் சரி, தெரு சரி, தபால் நிலையம் இரணியல் சரி. மாவட்டம் ஈரோடு. பின்கோடு 629 என்று தொடங்கியதால் எங்கள் தபால்காரத் தம்பி சரியாகக் கொண்டுவந்து சேர்த்துவிட்டான்.